கம்பியின் களைப்பும் காலின் களைப்பும்

பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ராம்பூய்யே நகரில் புறப்பட்டு, மேற்குக் கடலோரத்துப் பிரெஸ்ட் துறைமுகம் வரை சைக்கிள் மிதித்துப் போய்த் திரும்ப வேண்டும். 1,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதிகபட்ச நேரம் 90 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற இந்த ஓட்டம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. முன்னே போன போட்டியாளர் மூன்றாம் இரவில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து முந்திய சார்ல் தெரோன், 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. கலந்துகொள்ள, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என நான்கு தகுதி ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். சென்னை, கோவைச் சாலைகளிலும் அவை நடக்கின்றன.

இவ்வளவு தூரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், வலிமை என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு வேறொரு கணக்கு தோன்றுகிறது. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 1,200 கிலோமீட்டர் போக அது 5,70,000 முறை சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 80 மிதி, 60 மணி நேரம் மிதித்தால், ஒவ்வொரு முழங்காலும் 2,88,000 முறை மடங்கி நீளும். எந்த ஒரு மிதியும் கடினமானதல்ல. ஆனால் ஒரு சின்னப் பிசகு இருந்தால், அது அத்தனை லட்சம் முறை திரும்ப வரும்.

சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பியைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்ட 100 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இழுபட்டு நிற்கிறது. சக்கரம் உருளும்போது, தரையை நோக்கி இறங்கும் கம்பியின் இழுவை ஒரு கணம் குறைகிறது. மேலே ஏறியதும் பழைய இழுவை திரும்புகிறது. சுற்றுக்கு ஒருமுறை தளர்வு, ஒருமுறை இறுக்கம். பெரிய பள்ளத்தில் விழுந்து அறுபடும் கம்பிகள் குறைவு. இப்படித் தளர்ந்து இறுகித்தான், பெரும்பாலும் ஹப்பின் ஓட்டையில் மாட்டும் வளைவில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கிறது. அது சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, நடு இரவில் ஏதோ ஒரு மேட்டில் ‘டங்’கென்று முடிகிறது.

இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் தாங்கக்கூடிய எடையிலேயே முறிகின்றன என்று ஆராய்ந்த ஜெர்மானியர் ஆகஸ்ட் வோலர், எஃகுக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் முறை ஆட்டினாலும் அது முறிவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. அலுமினிய ஹேண்டில் பாரையும் பெடல் தண்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுபவர்கள் அதனால்தான் மாற்றுகிறார்கள்.

கம்பி தளர்வாக இருந்தால் அடியில் வரும்போதெல்லாம் முழுக்கத் தொய்ந்து, வளைவிடத்தில் நெளியும். எல்லாக் கம்பியும் சரியான இழுவையில் இருந்தால் தொய்வே வராது. சக்கரத்தின் கோட்டம் எடுப்பவர் கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்பது இதற்காகத்தான். ஒரே நீளக் கம்பிகளில் இழுவை கூடினால் சுருதி ஏறும். வீணைத் தந்திக்கும் இதற்கும் ஒரே இயற்பியல். சக்கரத்தின் ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் பேசினால், சுமையை ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம்.

காலும் களைக்கிறது. ஆனால் இரவு தூங்கி எழுந்தால், களைத்த தசை தன்னைத் திருத்தி எழுதிக்கொண்டு வருகிறது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹொலோசி, வாரக்கணக்கில் ஓடவிட்ட எலிகளின் தசைகளைச் சோதித்தார். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. நீண்ட தூர ஓட்டிக்கு இதுதான் உயிர்நாடி. உடலில் சேமித்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ 2,000 கிலோகலோரிதான். அதை மட்டும் எரித்தால் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒல்லியானவரின் உடலிலும் கொழுப்பு அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் கிடக்கிறது. பயிற்சி பெற்ற தசை அதே வேகத்தில் கொழுப்பை அதிகம் எரித்து, சர்க்கரையைச் சேமிக்கிறது. பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் மாதக்கணக்காக ஓட்டச் சொல்வது இந்த மாற்றத்துக்காகத்தான். ஓய்வு நாளை வீணான நாள் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். திருத்தம் நடப்பதே அன்றுதான்.

வழியில் சாப்பிடும் சர்க்கரையை ஏற்கக் குடலையும் பழக்க வேண்டும். குளுக்கோஸ் ஒரு வாசல் வழியாகக் குடலைக் கடக்கிறது. மணிக்கு 60 கிராம் அளவில் அந்த வாசல் நெரிசலாகிவிடும். பிரக்டோஸுக்கு வாசல் வேறு. இரண்டும் கலந்த பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் சைக்கிள் பையில் இடம்பிடிப்பது வெறும் வழக்கம் அல்ல.

நரம்புக்குத்தான் தசையைப்போல் விரைவில் திருந்தும் தாராளம் இல்லை. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஹேண்டில் பாரில் மணிக்கணக்காக அழுந்தினால், அங்கே ஓடும் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். சீட்டின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்வதும், அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடிப்பதும் இதைத் தடுக்கத்தான். அப்படியும் சிலர் ராம்பூய்யேவுக்குத் திரும்பிப் பல வாரம் கழித்தும் சட்டைப் பொத்தானைப் போடத் திணறுகிறார்கள். அதே விரலால் முன்சக்கரத்துக் கம்பியைச் சுண்டினால், புறப்பட்ட நாளின் சுருதியிலேயே அது ஒலிக்கும்.