கிண்ணத்துக்காகவா காடு அழிகிறது?

ஹவாய்த் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராத மரம் கோஆ. நம் கருவேலத்துக்குத் தூரத்து உறவு. அதில் கடைந்த கிண்ணம் நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. அபூர்வ மரத்தில் கிண்ணம் செய்வது காட்டுக்குச் செய்யும் துரோகம் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கோஆ காடுகளைப் பெரிதும் தின்றது கடைசல் உளி அல்ல, மாடு. 1793இல் மாலுமி வான்கூவர் கொண்டுவந்து இறக்கிய மாடுகள் பெருகி, இளஞ்செடிகளை முளையிலேயே மேய்ந்தன. பிறகு மேய்ச்சலுக்காகக் காடே திருத்தப்பட்டது. கிண்ணத்துக்கு வேண்டிய மரமோ கொஞ்சம். பல கடைசல்காரர்கள் பட்டு விழுந்த மரத்தையே எடுக்கிறார்கள். ஈரத்தோடு தடிமனாக ஒருமுறை கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, கோணியதைச் சீராக்கி, மறுபடி மெல்லியதாகக் கடைகிறார்கள், அவசரப்பட்டால் விரிசல்தான்.

பழைய ஹவாய்க்காரர்கள் உணவுக் கலத்துக்குக் கோஆவை அவ்வளவாக விரும்பவில்லை, உணவில் அதன் கசப்பு இறங்கும் என்பதால். மிலோவைக் குடைந்தார்கள், அது வேறொன்றுமில்லை, நம் பூவரசு. கலம் விரிந்தால் வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டு பதித்து இறுக்கினார்கள். ஒட்டுப்போட்டதற்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

விலை ஏறினால் திருட்டு வெட்டும் ஏறும் என்ற ஆட்சேபம் நியாயமானது. காவலும் கண்காணிப்பும் வேண்டியதுதான். ஆனால் கோஆ முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். விலையே இல்லாத மரத்துக்கு நிலக்காரர் எதற்காக அத்தனை காலம் வேலி போட்டு மாட்டைத் தடுக்க வேண்டும்?