சல்லிக் கரையில் பனிப் பாட்டு

பாட்டிலிருந்து சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பது யாது? தமிழாசிரியனாய்ச் சொல்லை விற்று உண்பவனுக்கு இவ்வினா சிறிது அச்சம் தருவதே. ஆயினும் நத்தார்க் காலம் வந்துவிட்டால் திருகோணமலை நகரில் இதனை எண்ணாதிருக்க இயலாது. உலகறிந்த ஆங்கில நத்தார்ப் பாட்டுகள் பாடுவோரின்றி, கீபோர்ட் என்னும் மின்னிசைப் பெட்டியில் வெறும் மெட்டாக ஒலிக்கின்றன. நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்தவர் கொணர்ந்த சொல் நம் நாவிற் பழகித் தமிழாகிவிட்டது. சொற்களின் ஊழ் அத்தகையது.

என் பழைய மாணவன் ஒருவன் எங்கள் சல்லியைச் சேர்ந்தவன். கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளை. வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தந்தையின் தோணி கரையேறிவிடும். அந்நாளில் நகரத்து விழாக்களில் கீபோர்ட் வாசித்து இவன் கொணரும் பணமே வீட்டில் உலை வைக்கிறது. மாரியம்மனை வணங்கும் வீட்டுப் பிள்ளை வேற்றுச் சமயப் பாட்டை வாசிக்கலாமா என்று சிலர் என்னிடம் முறையிட்டனர். பண்டிதராகிய நீரே கண்டிக்க வேண்டும் என்றனர். கண்டிக்குமுன் அப்பாட்டுகளைச் சிறிது ஆராய்ந்தேன்.

‘ஜிங்கிள் பெல்ஸ்’ என்பது ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட் என்னும் அமெரிக்கர் 1857இல் வெளியிட்டது. பனியிற் சறுக்கிச் செல்லும் குதிரை வண்டியைப் பாடும் அதில் நத்தார் என்ற பேச்சே இல்லை. ‘வைட் கிறிஸ்மஸ்’ பாட்டை ஆக்கிய இர்விங் பெர்லின் யூதர். அதிலும் வேத வரலாறு எதுவும் இல்லை. பனி உண்டு, நினைவு உண்டு. நம் இலக்கணத்தார் நோக்கிற் பார்த்தால் இவை பருவப் பாட்டுகள். காலமும் இடமும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். இவற்றின் முதற்பொருள் பனிக்காலமே.

பனியே அறியாத நெய்தற் கரையில் அவற்றுக்கு என்ன வேலை? இங்குதான் சுவையான செய்தி ஒன்று உளது. ‘வைட் கிறிஸ்மஸ்’ பாட்டின் தோற்றுவாயாகப் பெர்லின் சில அடிகள் எழுதியிருந்தார். இப்பொழுது பெரும்பாலோர் அவற்றைப் பாடுவதில்லை. பனையினத்து மரங்கள் நிற்கும் வெயில் நிலமாகிய கலிபோர்னியாவிலிருந்து ஒருவன் வடபுலத்துப் பனிக்கு ஏங்குவதாக அவை அமைந்தன. எனவே அது பனியிலிருந்து பாடிய பாட்டன்று. பனி இல்லாத இடத்திலிருந்து இரங்கிய பாட்டு. இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் அன்றோ! பிங் கிராஸ்பி அதனைப் பாடி இசைத்தட்டில் வெளியிட்ட ஆண்டு 1942. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள்தான் யப்பானியர் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசினர். வீடு பிரிந்து தொலைநாடுகளிற் கிடந்த போர்வீரரே அப்பாட்டை மிகுதியும் விரும்பிக் கேட்டனர். நம் துறைமுகத்தில் மாரி மழையில் நனைந்த ஆங்கில மாலுமிகளுக்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பழிப்போரும் உளர். அவர் குறையில் நியாயம் உண்டு. 1842இல் பாரிசில் டெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அது நம் நாடகமேடையையும் பசனைமடத்தையும் ஆட்கொண்டது. ஆனால் நிலைத்த சுரத்தில் நிற்கும் கட்டை, சுரத்தை வளைத்துக் கமகம் காட்டாது என்ற குற்றச்சாட்டின்மேல் அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. 1971 வரை அவ்விலக்கு நீடித்தது. கமகமே உயிரான நம் பண்களுக்கு அது பொருந்தும் வாதம். மேனாட்டு மெட்டுகளோ சுரத்திலிருந்து சுரத்துக்குப் படியேறிச் செல்வன. கட்டைக்கு இயல்பாகவே இசைந்தன. மேலும், நரம்புக்கு ஒரு சுரமாக நிறுத்திய கருவி நமக்குப் புதிதன்று. யாழும் அத்தகையதே. கிழக்கிலங்கை ஈன்ற விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலைப் பயின்றவர் கட்டையை அத்துணை எளிதில் இகழார்.

இனி வாசிக்கும் முறை. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டின் பல்லவியில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும். பாடும்போது அது அலுப்பதில்லை. ஏனெனில் ஒவ்வோர் அசைக்கும் மெய்யெழுத்து மாறுகிறது. சொல்லை நீக்கினால் ஒரே கட்டையைத் தட்டும் ஓசையே மிஞ்சும். மாணவன் என்னிடம் குறைப்பட்டதும் இதுவே: “ஐயா, பாட்டில வடிவா இருக்கு, வாசிச்சா வெறும் தட்டலாக் கிடக்கு.” நான் அவனைக் கட்டையை விட்டுவிட்டுப் பாட்டின் சொற்களைத் தாளில் எழுதச் சொன்னேன், குறில் எது, நெடில் எது, எவ்விடத்தில் மூச்சு முடிகிறது என்று குறிக்கச் சொன்னேன். யாப்புப் படித்த பிள்ளைக்கு இது அரிதன்று. பின்னர் வலக்கை நெடிலில் நின்றும் குறிலில் துள்ளியும் நடந்தது. ஒரே சுரம் நிற்குமிடத்தில் இடக்கையின் கூட்டுச்சுரங்கள் மாறி அதற்கு நிறம் கொடுத்தன. மெல்ல நடக்கும் பாட்டில் பியானோ ஒலி விரைவில் தேய்ந்துவிடுகிறது. கூட்டுச்சுரத்தை உதிர்த்து வாசித்து இடைவெளியை நிரப்ப வேண்டும். தேவாலய ஓர்கன் ஒலியைத் தெரிந்தால், கட்டையை அழுத்துமளவும் நாதம் நிற்கும். ஆங்கே விரலை எடுப்பதே கலை. பெட்டியின் பொத்தானை அமுக்கிச் சுருதியை மாற்றிக்கொள்வதை ஏளனம் செய்வோர்க்கு ஒன்று கூறுவேன்: இர்விங் பெர்லினே பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர், சுருதி மாற்றும் நெம்புகோல் வைத்த பியானோவையே ஆண்டார்.

‘சைலண்ட் நைட்’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் பிரான்ஸ் குரூபர். நம்மைப்போல ஒரு பள்ளியாசிரியர். ஜோசப் மோர் என்னும் குருவானவர் எழுதிய செய்யுள் அது. 1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரிய நாட்டு ஓபர்ண்டோர்வ் தேவாலயத்தில் கிதார் துணையோடு முதன்முதல் பாடப்பட்டது. மெட்டு இளியில் தொடங்கி விளரியைத் தொட்டுத் திரும்பிக் கைக்கிளையில் இறங்கி அமர்கிறது, தாலாட்டின் நடை. சென்ற ஆண்டு மாணவன் அதனை வீட்டுத் திண்ணையிலிருந்து வாசித்துப் பழகினான். சொல் இல்லை, பாடுவோர் இல்லை. ஆங்கிலம் அறியாத அவன் அம்மம்மா உள்ளிருந்து வந்து, “அதை நிப்பாட்டு ராசா” என்றார். 2004 டிசம்பர் 25 இரவு அயல்வீட்டு வானொலியில் அம்மெட்டைக் கேட்டிருந்தார். மறுநாட் காலை கடல் எழுந்து வந்தது. அக்கடற்கோளில் அவர் இழந்தவர்களை இங்கு எண்ணிச் சொல்ல விரும்பவில்லை.

சொல் நீங்கிய பின் எஞ்சுவது யாதென்று கேட்டோரை நான் அம்மூதாட்டியிடம் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. பையன் அப்பாட்டை இப்பொழுது நகரில் மட்டுமே வாசிக்கிறான். பழகுவதானால் ஒலியை அடைத்து, செவிக்கருவி மாட்டிக்கொண்டு பழகுகிறான். திண்ணையில் விரல்கள் கட்டையைத் தொடும் சிறு ஓசை மட்டும் கேட்கிறது.