அல்ஜீரிய விடுதலைப் போரைப் பள்ளியில் கற்பித்தல்

அல்ஜீரிய விடுதலைப் போர் (1954–1962) பிரான்சுக்கும் அல்ஜீரியாவின் தேசிய விடுதலை முன்னணிக்கும் இடையே நடந்தது. வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவை 1830 இல் பிரான்ஸ் படையெடுத்துப் பிடித்தது. 132 ஆண்டுகளுக்குப் பின், 1962 ஜூலை 5 அன்று அந்நாடு விடுதலை பெற்றது. இன்று இப்போர் ஆண்ட நாட்டின் பள்ளியிலும் ஆளப்பட்ட நாட்டின் பள்ளியிலும் பாடமாக உள்ளது. இரண்டு இடங்களிலும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிதாக இருந்ததில்லை.

பெயரில் தொடங்கும் சிக்கல்

பிரான்சின் மற்றக் குடியேற்ற நாடுகளிலிருந்து அல்ஜீரியா வேறுபட்டது. 1848 முதல் அது பிரான்சின் மாவட்டங்களாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. காகிதத்தில் பாரிஸ் எப்படியோ அப்படியே அல்ஜியர்ஸும். நடைமுறையிலோ, பெரும்பான்மையினரான முஸ்லிம்களுக்கு ஐரோப்பியக் குடியேறிகளுக்கு இணையான வாக்குரிமை இல்லை. அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தை எட்டியும் பார்த்ததில்லை.

தன் மாவட்டத்தின் மீதே ஒரு நாடு போர் தொடுக்க முடியாது அல்லவா? ஆகவே, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு இளைஞர்கள் கட்டாயப் படைச் சேவையில் கடல் கடந்து அனுப்பப்பட்ட அந்தச் சண்டையை அரசு "ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை" என்றே குறித்துவந்தது. "போர்" என்ற சொல்லைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டத்தில் ஏற்றது 1999 அக்டோபரில்தான். பள்ளி இறுதி வகுப்புப் பாடநூல்கள் 1980களிலேயே அதைப் போர் என்று எழுதிவிட்டன. இந்த ஒரு விஷயத்தில் அரசைவிடப் பள்ளி முந்திக்கொண்டது.

தமிழ் வாசகர்கள் அறிந்த ஒரு செய்தியும் இதனோடு சேர்ந்ததே. புதுச்சேரியை இந்தியாவுக்கு அளிக்கும் ஒப்பந்தம் 1956 இல் கையெழுத்தானது. ஆனால் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அல்ஜீரியப் போர் ஓயும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

ஒரே வகுப்பில் பல குடும்பங்கள்

பிரான்சின் ஒரு நகரப் பள்ளியில் இப்பாடம் நடக்கும்போது, முன் இருக்கை மாணவியின் தாத்தா அங்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து அதைப் பற்றி வாயே திறக்காத படைவீரராக இருக்கலாம். அடுத்தவனின் குடும்பம் 1962 இல் வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலேறிய ஐரோப்பியக் குடியேறிகள், அதாவது "பியே-நுவார்". இன்னொருவரின் முன்னோர் பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற அல்ஜீரியர்களான "ஹர்கி"கள். இவர்களில் பலரைப் பிரான்ஸ் கைவிட்டுச் சென்றது. போர்நிறுத்தத்துக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். தப்பி வந்தவர்களில் பலர் முகாம்களில் அடைபட்டு வாழ்ந்தனர். கடைசி இருக்கையில் இருப்பவரின் பாட்டனாரோ விடுதலை முன்னணிக்குச் சந்தா கொடுத்த தொழிலாளி.

இந்நிலையில் அரசு ஒருமுறை பாடத்தைத் தானே எழுதிக்கொடுக்கப் பார்த்தது. 2005 பிப்ரவரிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு இருப்பின் ஆக்கபூர்வமான பங்கைப் பள்ளிப் பாடத்திட்டங்கள் ஏற்க வேண்டும் என்றது. வரலாற்றாசிரியர்களும் ஆசிரியர்களும் கடுமையாக எதிர்த்தனர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வாசகம் நீக்கப்பட்டது.

பின்னர் வந்த வழி பயனுள்ளது. 2012 முதல் இறுதி வகுப்பில் போரின் நிகழ்வுகளோடு, போரைப் பற்றிய நினைவுகளையும் வரலாற்றாசிரியர் எப்படி ஆராய்கிறார் என்பதும் பாடமானது. ஆசிரியர் விரும்பினால் இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொண்டு இதைத் தவிர்க்கவும் வழி இருந்தது. 14, 15 வயதினருக்கான பாடத்திலும் அப்படியே: குடியேற்ற ஆட்சியின் முடிவுக்கு இந்தியாவையோ அல்ஜீரியாவையோ எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வகுப்பில் சண்டை வரக்கூடாது என்று நினைப்பவருக்கு இந்தியா எவ்வளவு வசதி!

எண்ணிக்கைகளிலும் இந்த முறை உதவும். உயிர்நீத்தோர் 15 லட்சம் என்கிறது அல்ஜீரியா. பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் பலர் 3 முதல் 4 லட்சம் அல்ஜீரியர் எனக் கணிக்கின்றனர். பிரெஞ்சுப் படையினர் சுமார் 25,000 பேர். எந்த எண்ணை யார், எதற்காகச் சொல்கிறார் என்று மாணவரைக் கேட்பதே இங்கு பாடம்.

சித்திரவதையைச் சொல்லாமல் விட முடியாது. அல்ஜியர்ஸில் கணித ஆசிரியராக இருந்த 25 வயது மொரீஸ் ஒதேன் 1957 ஜூனில் பிரெஞ்சுப் படையினரால் கைது செய்யப்பட்டார், திரும்பவில்லை. அவர் தப்பியோடிவிட்டதாக அரசு சொல்லிவந்தது. அவரது சாவுக்கு அரசே பொறுப்பு என்று குடியரசுத் தலைவர் மக்ரோன் ஏற்றது 2018 இல். சிறுவர்களுக்குக் கொடுமையின் முறைகளை விவரிக்கத் தேவையில்லை; இந்த 61 ஆண்டு இடைவெளியே போதிய அளவு பேசும்.

இரு முனைகளில் ஆசிரியர்கள்

பள்ளி மாணவருக்கு இப்போரை எங்கிருந்து தொடங்குவது? இரண்டு நாட்களை அருகருகே வைக்கலாம். 1954 நவம்பர் 1, போரின் முதல் நாள்: அவுரேஸ் மலைப் பகுதியில் ஒரு பேருந்தை நிறுத்திய கிளர்ச்சியாளர்களின் துப்பாக்கிச் சூட்டில் கி மொன்னரோ என்ற இளம் பிரெஞ்சு ஆசிரியர் இறந்தார்; அவர் அல்ஜீரியப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க மனைவியுடன் வந்தவர். 1962 மார்ச் 15, எவியான் உடன்படிக்கைக்கு மூன்று நாள் முன்பு: அல்ஜியர்ஸில் சமூகக் கல்வி மையங்களின் அலுவலர் ஆறு பேரை, விடுதலையை எதிர்த்த இரகசிய இராணுவ அமைப்பு சுட்டுக்கொன்றது. மூவர் பிரெஞ்சுக்காரர், மூவர் அல்ஜீரியர். எழுத்தாளர் முலூத் ஃபெரவுனும் அவர்களில் ஒருவர். விடுதலைக் கோரிக்கையின் நியாயத்தை இந்த இரு நாட்கள் சமன் செய்துவிடுவதில்லை. ஆனால் நியாயமான போரிலும் யார் யார் சாகிறார்கள் என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அல்ஜீரியப் பள்ளிகளில்

அங்கே சிக்கல் வேறு. "ஒரே வீரன், மக்களே" என்பது விடுதலைக் காலத்து முழக்கம். அம்முழக்கத்தின் நிழலில், 1920களிலிருந்தே விடுதலை கேட்டுவந்த மெசாலி ஹாஜ் நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்டார். அவரது ஆதரவாளருக்கும் முன்னணிக்கும் இடையே நடந்த இரத்தக்களரி பற்றிப் பேச்சே எழவில்லை. பிற்காலத்தில் அவர் பிறந்த திலெம்சென் நகரின் விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பிரான்சில் போர்க்கால நீதிமன்ற, காவல் விசாரணை ஆவணங்கள் 2021 டிசம்பரில், உரிய காலத்துக்கு 15 ஆண்டு முன்னதாகத் திறக்கப்பட்டன. 18 வயது நிரம்பாதோர் தொடர்பான கோப்புகள் மட்டும் அப்போதும் மூடியே இருந்தன. அவை 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டன.