தொழிலிழப்பும் துயரமும்

உற்றாரை இழந்தவர் அழுதல் உலகியற்கை. ஊரார் கூடி உடன் வருந்துவர். நாள் குறித்துச் சடங்கு செய்வர். தொழிலை இழந்தவன் துயரத்திற்கோ சடங்கு யாதுமில்லை. 'வேறு வேலை தேடுக' என்று கூறி அகல்வாரே பலர். எனினும் அதுவும் துக்கமே. நாடு, உரிமை, இலட்சியம் ஆகியவற்றை இழப்பினும் மனிதன் துக்கிப்பான் என்று வியன்னா நகரத்து அறிஞர் ஸிக்மண்ட் பிராய்டு 1917-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கியுள்ளார்.

இவ்வுண்மையை மாரியந்தால் என்னும் ஊரின் வரலாறு நன்கு காட்டும். வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள அவ்வூரார் ஒரு நெசவாலையையே நம்பி வாழ்ந்தனர். 1929–30-இல் அவ்வாலை மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களுள் பெரும்பாலானவை உதவித்தொகையைக் கொண்டே நாட்கழிக்கலாயின. மாரி யஹோதா, பால் லாஸார்ஸ்பெல்டு, ஹான்ஸ் ஸைஸல் என்போர் அவ்வூரை ஆராய்ந்து 1933-இல் நூலொன்று வெளியிட்டனர்.

ஓய்வு மிக்கோர் நூல் பல கற்பர் என நாம் எண்ணுவோம். ஆண்டு நிகழ்ந்ததோ மறுதலை. நூலகக் கட்டணம் நீக்கப்பட்டும், மக்கள் வாங்கிய நூல்கள் இரண்டாண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆடவர் தெருவில் மெல்ல நடந்து, அடிக்கடி நின்றனர். காலையில் யாது செய்தோமென்று கேட்பின் அவர்க்கு விடை தோன்றவில்லை. பெண்டிரோ வீட்டுவேலை ஒழியாமையின் விரைந்தே நடந்தனர். சிறுவர் துயரம் இன்னும் நுண்ணிது. கிறிஸ்துமஸ் பரிசாக வேண்டுவன எழுதுக என்றபோது, பெற்றோர்க்கு வேலை இருந்திருப்பின் இன்னது கேட்டிருப்போம் என்று அவருட் சிலர் எழுதினர்.

இதற்குக் காரணம் யாது? ஊதியமன்றி வேறு ஐந்து நன்மைகளையும் தொழில் தருகின்றதென்று யஹோதா பின்னர் எடுத்துரைத்தார். நாளுக்கோர் ஒழுங்கு, வீட்டிற்குப் புறத்தே மக்கள் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒன்றை முடிக்கும் நோக்கம், சமூகத்தில் ஒரு நிலை, இடையறா முயற்சி என்பனவே அவை. வேலை போயின் இவ்வைந்தும் ஒருங்கே போகும். ஆதலின் அவன் வருந்துவது பணத்தை மட்டும் எண்ணியன்று. தான் இன்னான் என்றிருந்த நிலையையும் எண்ணியே. அவன் வாய்மூடி இருப்பதைச் சினமென்று மனைவியும், வெறுப்பென்று மக்களும் கருதின், ஒருவன் துயரம் குடும்பத்தின் துயரமாகும்.

வருவாய் குறையக் குறைய மனமுறிவு மிகுந்ததென்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்டது. ஆகவே வெறும் ஆறுதல்மொழி போதாது, பொருளுதவியும் வேண்டும். பொருள் மட்டும் போதுமெனலும் பிழையே. நம் அயலில் வேலையிழந்தார் உளராயின், அவரைக் காணாதார்போல் ஒதுங்காது, வீடு சென்று அளவளாவுவோம். அவர் செய்யத்தக்க பணியொன்றில் அவரையும் சேர்த்துக்கொள்வோம். இழவு வீட்டிற்குச் செல்ல அறிந்த நமக்கு இஃது அரிதன்று.