கண்மாய் நிறைந்தும் போர் போடும் செல்கள்

கோடையில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பக்கம் போனால் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். தண்ணீர் இல்லையென்றால் போர் போட வேண்டியதுதான். ஆனால் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போதும் ஊர் முழுக்கப் போர் போட்டுக்கொண்டே இருந்தால்? வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் செல்கள் செய்வது அதைத்தான்.

ஆக்சிஜன் குறைந்தால் ‘புது ரத்தக்குழாய் வேண்டும்’ என்று ஆணையிடும் புரதம் ஒன்று நம் செல்களில் உண்டு. பெயர் ஹிஃப். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிக்க அனுப்பிவிடும். 3-ஆவது குரோமோசோமில் உள்ள விஎச்எல் மரபணுவின் ஒரு பிரதி பிறப்பிலேயே பழுதாக இருந்து, ஏதோ ஒரு செல்லில் மற்ற பிரதியும் கெட்டால் காவல் போயிற்று. மூச்சுக்காற்று தாராளமாக வந்தும், செல் வறட்சி என்றே எண்ணிக்கொள்ளும். ரத்தக்குழாய்கள் பின்னிப் பின்னிக் கட்டியாகிவிடும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. சிறுமூளை, தண்டுவடம், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படலாம். பலருக்கு முதலில் காட்டிக்கொடுப்பது விழித்திரைதான். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்தபின் மருத்துவர் உள்ளே பார்த்தால், ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு சிறு மணி. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயும் கொண்டுபோகும் குழாயும் புடைத்து நெளிந்திருக்கும். விழித்திரையின் ஓரத்தில், சிறியதாக இருக்கையிலேயே கண்டுபிடித்தால் லேசரில் சுட்டுவிடலாம்.

கட்டி கண் நரம்பிலேயே வருவது மிக அபூர்வம். உலக மருத்துவ இதழ்களில் பதிவானவை சில டஜன்களே. சுமார் 12 லட்சம் இழைகள் ஓடும் நரம்பு அது. பாவு நூலில் ஒன்று அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போட்டுவிடுவார், இங்கே அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாது. வலி இருக்காது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை மெல்ல மங்கும். சிவப்பு வெளுத்துத் தெரியும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் கட்டி தெரியும். அறுவை சிகிச்சையிலேயே பார்வை போகும் அபாயம் உண்டு என்பதால், வளராத கட்டியைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். ஹிஃப் புரதத்தின் ஒரு வகையைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் மாத்திரைக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி தந்தது. நம் குடும்பங்களுக்கு எட்டாத விலை என்பது பெரும் வேதனை.

‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்று இங்கே சட்டென்று சொல்லிவிடுவார்கள். இந்த நோய்க்கு அது பொருந்தாது. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஐந்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரும். தாயைக் குறைசொல்ல இதில் இடமே இல்லை.

கரிசல் மண்ணில், வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில்தான் இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடலாம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் சிறுநீரகப் புற்றுநோயோ, சிறுமூளையில் ரத்தக்குழாய்க் கட்டியோ வந்திருந்தால், கண் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோய் உறுதியான வீட்டில் குழந்தைகளையும் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை கண்பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.