டெஸ்ட் ரிப்போர்ட்டை எங்கிருந்து படிப்பது?

இரண்டு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சென்னை, பெங்களூர் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது: "அண்ணே, ராத்திரி ஓடின ரன்ல நாப்பது ஃபெயில் காட்டுது. எதை முதல்ல பாக்குறது? குரூப்புல என்னன்னு போடுறது?" சோதனையை எழுதவும் ஓட்டவும் கற்றுத்தர எத்தனையோ வீடியோ கிடைக்கிறது. ஓடி முடிந்தபின் வருகிற ரிப்போர்ட்டைப் படிக்கச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். பார்சல் பதிகிற ஒரு செயலி. பின்கோடு போட்டால் மாவட்டத்தின் பெயர் தானாக வந்து நிரம்ப வேண்டும். செயலி சர்வரிடம் 622001 என்று கேட்கும். சர்வர் புதுக்கோட்டை என்று சொல்லும். இப்படி ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்டு வாங்குவதற்கான ஏற்பாடுதான் ஏபிஐ. அதே கேள்வியை ஆள் யாரும் உட்காராமல் தினமும் கேட்டு, வந்த பதில் சரிதானா என்று பார்க்கும்படி எழுதி வைப்பது தானியங்கிச் சோதனை.

இதற்குப் பலரும் பயன்படுத்துகிற போஸ்ட்மேன் பெங்களூரில் பிறந்தது. அபினவ் அஸ்தானா 2012-ல் சொந்த ஆர்வத்தில் எழுதிய குரோம் நீட்சி அது. 2014-ல் அங்கித் சோப்தி, அபிஜித் கானே இருவரோடும் சேர்ந்து அதைக் கம்பெனியாக்கினார். போஸ்ட்மேனில் எழுதிய சோதனைகளைக் கமாண்ட் லைனில் ஓட்டித் தருவது நியூமேன். ஓட்டம் முடிந்ததும் நியூமேன் ஒரு சின்ன அட்டவணை போடும். எத்தனை நடந்தது, எத்தனை ஃபெயில் என்று இரண்டு பத்திகள். வரிசையாக, எத்தனை சுற்று, எத்தனை ரிக்வெஸ்ட், எத்தனை ஸ்கிரிப்ட், கடைசியில் எத்தனை அசர்ஷன்.

எல்லாரும் ஃபெயில் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அசர்ஷன் வரிசையில் எத்தனை நடந்தது என்பதை. அசர்ஷன் என்றால் 'பதில் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று நீங்கள் எழுதி வைத்த ஒரு நிபந்தனை. அறுபது ரிக்வெஸ்ட் போய், அசர்ஷன் பூஜ்யம் என்றிருந்தால், அந்த ஓட்டத்தில் ஒன்றுமே சோதிக்கப்படவில்லை. சர்வர் அறுபதுக்கும் பிழைச்செய்தியே அனுப்பியிருந்தாலும் ஃபெயில் பூஜ்யம்தான். நேற்று 120 அசர்ஷன், இன்று 84 என்றிருந்தாலும் நில்லுங்கள். நடுவில் ஏதோ ஓடாமல் போயிருக்கிறது. சிவப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வெறும் பச்சையைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அதனால் அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அட்டவணைக்குக் கீழே சராசரிப் பதில் நேரம் இருக்கும், பக்கத்திலேயே குறைந்தபட்சம், அதிகபட்சம். சராசரி 200 மில்லிசெகண்ட் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதிகபட்சம் ஒன்பது செகண்ட் என்று இருந்தால், அந்த ஒரு கேள்வி எது என்று தேடுங்கள்.

இப்போது அந்த நாற்பது ஃபெயிலுக்கு வருவோம். பட்டியலை மேலிருந்து, ஓடிய வரிசையிலேயே படியுங்கள். முதலாவது லாகின் ரிக்வெஸ்ட்டா? அது டோக்கன் தரவில்லையென்றால் அதை நம்பியிருக்கிற மற்ற எல்லாமே 401 வாங்கிக்கொண்டு திரும்பும். காரணம் ஒன்றுதான், நாற்பது அல்ல. சர்வர் பதிலோடு அனுப்புகிற இந்த எண்களையும் பழகிக்கொள்ளுங்கள். 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 403 என்றால் தெரியும், ஆனால் உனக்கு அனுமதியில்லை. 404 என்றால் கேட்ட பொருள் அந்த முகவரியில் இல்லை. 500 வந்தால் சர்வருக்குள்ளேயே ஏதோ உடைந்திருக்கிறது. 502, 503, 504 பெரும்பாலும் நடுவில் நிற்கிற சர்வர் சொல்வது: பின்னாலிருப்பவர் சரியாகப் பதில் தரவில்லை, அல்லது நேரத்துக்குத் தரவில்லை. எண்ணே வராமல் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் அங்கே கேட்க யாருமே இல்லை. அதை ஏபிஐ ஃபெயில் என்று எழுதுவது தவறு. 200 வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. 200 என்று சொல்லிவிட்டு உள்ளே 'தகவல் இல்லை' என்று பதில் தருகிற ஏபிஐகள் நிறைய உண்டு.

அடுத்துதான் கஷ்டமான கேள்வி. தப்பு யாருடையது? சோதனை சிவப்பானால் சர்வர் தப்பு என்று முடிவுகட்டுவது வழக்கம். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை எழுதியவர் சென்னையில் இருக்கிறார். புதுக்கோட்டை நகரம் 622001, மாவட்டத்தில் பல ஊர்களும் 622 என்றே தொடங்குகின்றன. எனவே 'மாவட்டம் புதுக்கோட்டை என்று வந்தால் பின்கோடு 622-ல் தொடங்க வேண்டும்' என்று ஓர் அசர்ஷன் எழுதிவிடுகிறார். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டினால் அறந்தாங்கி ஃபெயில், ஏனென்றால் அது 614616. விராலிமலையும் ஃபெயில், அது 621316. சர்வர் இரண்டுக்கும் சரியாகவே புதுக்கோட்டை என்கிறது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததோ 1974 ஜனவரி 14-ல், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்து. பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம் தபால் துறை கடிதம் பிரிக்கிற பகுதியைச் சொல்கிறது. வருவாய்த்துறை போட்ட எல்லையை அது பின்பற்ற வேண்டியதில்லை. ஆக உடைந்தது சோதனை எழுதியவரின் அனுமானம். இதே வகையில் இன்னொன்று: ஆங்கிலத்தில் புதுக்கோட்டை என்ற பெயரை ஒரு பட்டியல் 'கே' இரண்டு போட்டு எழுதும், இன்னொரு பட்டியல் ஒன்றோடு நிறுத்தும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற அசர்ஷன் சிவப்பாகிவிடும்.

அதனால் ஒவ்வொரு ஃபெயிலிலும் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நாம் கேட்டது என்ன, வந்தது என்ன, எதிர்பார்த்தது என்ன. எதிர்பார்த்ததையும் சந்தேகியுங்கள். உள்ளூர் தெரிந்தவர் டெஸ்டிங்கில் இருப்பதன் அருமை இங்கேதான். அறந்தாங்கி எந்த மாவட்டம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில சோதனைகள் ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் என்று ஆடும். ஃப்ளேக்கி என்பார்கள். கூகுளில் 2016-ல் அவர்களே கணக்கு வெளியிட்டார்கள்: அவர்களுடைய ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி ஆடுகிற முடிவு தருகிறது, சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு ஓரளவாவது இந்த ஆட்டம் உண்டு. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. மறுபடி ஓட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. பாஸ் வருகிறவரை ஓட்டிவிட்டுக் கடைசி முடிவை மட்டும் அனுப்புவதுதான் தப்பு. முதலில் விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி பகிர்வது. சிவப்புத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டு 'ஃபெயில் ஆகுது, பாருங்க' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அதிலிருந்து ஒரு வரியைக்கூடக் காப்பி எடுக்க முடியாது. மிஷின் படிக்க வேண்டுமென்றால் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கொடுங்கள். ஜென்கின்ஸ், கிட்லேப் இரண்டும் அதைப் புரிந்துகொள்ளும். ஆட்களுக்கு எச்டிஎம்எல் ரிப்போர்ட்டின் இணைப்பு. அதற்கு மேலே நாலு வரி உங்கள் கையால். இப்படி எழுதலாம்:

"நேற்றிரவு 2 மணி ரன், ஸ்டேஜிங் சர்வர், பில்ட் 418. 120 அசர்ஷனில் 3 ஃபெயில், மூன்றும் பின்கோடு தேடலில். 614616 கேட்டால் 200 வருகிறது, மாவட்டம் காலியாக இருக்கிறது. புதுக்கோட்டை வர வேண்டும். பில்ட் 417-ல் சரியாக வந்தது. திரும்ப இரண்டு தடவை ஓட்டியும் இதேதான். இப்படியே வெளியிட்டால் அறந்தாங்கிக்காரர்கள் பார்சல் பதிய முடியாது."

டெவலப்பருக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது, மேனேஜருக்கு வேண்டியது கடைசி வரியில். எந்த சர்வர், எந்த பில்ட் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத ரிப்போர்ட்டை நாளைக்கு நீங்களே எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

அனுப்புவதற்கு முன் அந்த எச்டிஎம்எல்லைத் திறந்து, ரிக்வெஸ்ட் ஹெட்டர் பகுதியைக் கண்ணால் பாருங்கள். லாகின் டோக்கன் முழுசாக அதில் அச்சாகியிருக்கலாம். ஜேசன் ரிப்போர்ட்டில் என்விரான்மென்ட் மாறிகள்கூட வந்துவிடும்; பாஸ்வேர்டை அங்கே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். கிளவுட்செக் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்த 30,000-க்கும் மேற்பட்ட போஸ்ட்மேன் ஒர்க்ஸ்பேஸ்களில் சாவிகள், டோக்கன்கள் போன்ற ரகசியங்கள் கசிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. வேலைக்காகப் பகிர்ந்தவர்கள் திறந்தே வைத்துவிட்டார்கள். ஹெட்டரையும் பாடியையும் மறைத்து ரிப்போர்ட் எடுக்கிற வசதி கருவிகளில் இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவையுங்கள். சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளரின் பெயர், செல்பேசி எண்ணை எடுக்காதீர்கள். டோக்கன் ஏற்கெனவே குரூப்பில் போய்விட்டதென்றால், மெசேஜை அழிப்பதோடு நின்றுவிட வேண்டாம். அதற்குள் யாராவது எடுத்திருக்கக்கூடும். பொறுப்பிலிருப்பவரிடம் அன்றைக்கே சொல்லி, அந்த டோக்கனை ரத்து செய்து புதியது வாங்கிக்கொள்ளுங்கள்.