மாமியாரை வேலை வாங்குகிறேனாம்!

என் மாமியாருக்கு வயது 74. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூன்று வருடத்துக்கு முன், 'டிமென்ஷியா' என்னும் மறதி நோய் வந்து விட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிடமே, "ஏம்மா, இன்னிக்கு சோறு பொங்கலியா?" என்பார்.

'பாவம், பெரியவங்களைச் சிரமப்படுத்தக் கூடாது' என்று எல்லாவற்றையும் நானே செய்தேன். குளிப்பாட்டி, சேலை கட்டி, சோறும் ஊட்டி விட்டேன். உள்ளதைச் சொன்னால், பரிவு பாதி, அவசரம் பாதி! பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் ஜாக்கெட் கொக்கியோடு போராடுவதைப் பார்த்துக் கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆறே மாதத்தில், நாற்காலியில் இருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது.

டாக்டரிடம் காட்டியபோது, "கால் இவ்வளவு சீக்கிரம் தளர்ந்ததுக்கு, உட்கார வச்சே பார்த்துக்கிட்டதும் ஒரு காரணம்மா. புழங்காத தசை கரைஞ்சு போகும். ஆனா, வருஷக்கணக்கா கை பழகின வேலை, பேரும் தேதியும் மறந்த பிறகும் ரொம்ப நாள் நிக்கும். அதை விட்டுடாதீங்க" என்றார். எனக்கு சுருக்கென்றது.

தமிழக அரசு 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, காலையும் மாலையும் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு, குதிகாலைப் பத்து தடவை தூக்கி இறக்க வேண்டும். பக்கத்தில் நான் நிற்பேன். மாலையில் தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை மெதுவாக நடை.

ஒரு நேரத்தில் ஒரு வார்த்தைதான் சொல்வேன். "போய்க் குளிச்சிட்டு சேலை மாத்திட்டு வாங்க" என்றால் குழம்பி நிற்பார். "சொம்பை எடுங்க அத்தை" என்றால் எடுப்பார். அப்புறம், "தண்ணி ஊத்துங்க." உடுத்த வேண்டிய துணியை, வரிசைப்படி கட்டிலில் வைத்து விடுவேன். 'மாட்டேன்' என்றால் மல்லுக்கு நிற்காமல், பத்து நிமிடம் கழித்துக் கேட்பேன். சின்ன வெங்காயம் உரிப்பது, மொச்சை உரிப்பது, பூக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

விழுந்து விடாமல் இருக்க, மிதியடிகளை எடுத்து விட்டோம். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, இரவில் சின்ன விளக்கு. பகலில் இரண்டு மணிக்கு ஒரு தரம், நானே பாத்ரூம் போக ஞாபகப்படுத்துவேன்.

ஒருநாள் திடீரென்று நடக்க மறுத்தார். அடம் என்று நினைத்தேன். பரிசோதித்தால், சிறுநீரில் கிருமித் தொற்று! மருந்து கொடுத்ததும் மறுபடி நடந்தார். திடீர் மாற்றம் தெரிந்தால், வயசுக் கோளாறு என்று விட்டு விடாதீர்கள்.

ஊரில் இருந்து வந்த நாத்தனார், அம்மா வெங்காயம் உரிப்பதைப் பார்த்து, "இந்த வயசிலயும் எங்கம்மாவை வேலை வாங்குறியா?" என்று சத்தம் போட்டார். அழுகையே வந்து விட்டது. நான் பதில் பேசவில்லை. அடுத்த நாள் காலை வாசலில், அத்தை நாற்காலியைப் பிடித்துக் குனிந்து, புள்ளி பிசகாமல் சின்னக் கோலம் போட்டார். பார்த்த நாத்தனார், கிளம்பும் வரை தானே அம்மாவை நடக்க அழைத்துப் போனார்.

இந்த நோய் குணமாவதில்லை. என் பெயர் அத்தைக்கு மறந்து விட்டது. ஆனால், இன்று வரை பாத்ரூமுக்குத் தன் காலால் போய், தன் கையால் சாப்பிடுகிறார்.

சகோதரிகளே... உங்கள் வீட்டிலும் இப்படிப் பெரியவர்கள் இருந்தால், டாக்டரைக் கேட்டுக் கொண்டு, அவர்களால் முடிந்ததை அவர்களையே செய்ய விடுங்கள். நாம் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்!

— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்.